கட்டில் எந்த ஊரில்?

11

"அளக்க வேணாம்னு சொல்றேன்ல..."

"அவங்க கிளம்பி வந்தாச்சு க்ளென், இப்பப் போயி..."

"போனைப் போடு. திரும்பிப் போகச் சொல்லு. அம்பது வருஷமா சும்மா கிடக்கற எல்லைக் கோட்டை..."

"சும்மாவா கிடக்கு? அந்த எல்லைக் கோட்டை வெச்சுத்தானே என்னை வெளியூர்க்காரின்னு எழுதிக் குடுத்திருக்கான் அந்த நார்பெர்ட்!"

"ஒவ்வொருத்தரா கத்துங்க," என்றாள் அம்மா பெர்னிஸ், அடுப்படியிலிருந்து. "எனக்கு இருக்கறது ஒரே ஒரு காது மிஷின்."

இரண்டு படுக்கையறைகளுக்கும் நடுவே நடையில் பதித்திருந்த பித்தளைப் பட்டைக்கு இந்தப் பக்கம் டோரீன் நின்றாள். அந்தப் பக்கம் அண்ணன் க்ளென், கையில் காப்பிக் கோப்பையோடு. அந்த வீட்டில் எந்தச் சண்டையும் இப்படித்தான் நடக்கும். அவள் பிராண்ட் குரோவ் ஊரில் நின்று கத்துவாள். அவன் சிகாகோ நகரத்தில் நின்று பதில் சொல்வான்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஊர் எல்லை வீட்டுக்குள்ளேயே ஓடியது, அந்தப் பட்டைதான் அதற்கு அடையாளம். வாஸ்கோ வீட்டின் வாசல் பிராண்ட் குரோவைப் பார்த்தது, கொல்லைக் கதவு சிகாகோவின் பின்சந்தைப் பார்த்தது. வாசல் குப்பையைச் செவ்வாய்க்கிழமை ஊர் வண்டி எடுத்துப் போகும், கொல்லைக் குப்பையை வெள்ளிக்கிழமை நகர வண்டி எடுத்துப் போகும். இரண்டு நாளையும் தவறவிட்டால் அம்மாவிடம் ஏச்சு வாங்க வேண்டும்.

நகரத்துத் தீயணைப்புப் படையில் வேலை செய்கிறவன் நகர எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும். இறந்துபோன அப்பா எமில் அந்தப் படையில் முப்பது வருஷம் இருந்தார், பின் அறையில்தான் படுத்தார். அவருக்குப் பிறகு க்ளென், அதே படை, அதே அறை. வீடு எல்லைமேல் இருந்தால் கட்டில் எந்தப் பக்கமோ அந்த ஊர்தான் ஆளுக்கும் ஊர். அப்படித்தான் அப்பா சொல்லி வைத்திருந்தார். இன்னும் பதினாலு மாதத்தில் க்ளென் ஓய்வுபெற வேண்டியவன்.

டோரீன் படுப்பது முன் அறையில். இந்த வருஷம்தான் அவளுக்கு ஓர் ஆசை வந்தது: பிராண்ட் குரோவ் ஊர்ச்சபைத் தேர்தலில் நிற்க வேண்டும். காரணம் ரயில் நிலையம். நிறுத்தத்தை மூடிவிட்டு அந்த இடத்தைக் கார் நிறுத்தும் கட்டடத்துக்குக் கொடுக்கலாமென்று சபை முக்கால்வாசி முடிவு செய்துவிட்டது. விடிகாலை ஐந்து பத்து ரயிலில் நகரத்து ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுக்கப் போகிறவள் டோரீன். அதே பெட்டியில் அலுவலகம் துடைக்கிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், நாற்பது ஐம்பது பேர். அவர்களில் ஒருத்தருக்கும் கார் கிடையாது.

குளிரில் கதவு கதவாகத் தட்டி இருநூற்று முப்பத்தொரு கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தாள். அதற்குத்தான் போன வாரம் ஆட்சேபணை வந்தது. இந்தப் பக்கத்து ஊர்களில் எதிராளியைத் தேர்தலில் தோற்கடிப்பது இரண்டாம் பட்சம். அவன் பெயரை ஓட்டுச் சீட்டிலேயே ஏறவிடாமல் அடிப்பதுதான் முதல் வித்தை. இருபது வருஷமாகச் சபையில் உட்கார்ந்திருக்கும் நார்பெர்ட் ரிஸ்கே எழுதிக் கொடுத்திருந்தார்: டோரீன் வாஸ்கோ குடியிருப்பது சிகாகோவில். சாட்சி? அவள் அப்பாவும் அண்ணனும் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரங்கள். 'எங்கள் வீடு நகர எல்லைக்குள் இருக்கிறது.'

விசாரணை இன்றைக்கு, மாலை ஐந்தரைக்கு.

"உன்மேல எனக்கென்ன கோபம்?" என்றான் க்ளென், குரலைத் தணித்து. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறியேன்னுதான்."

"நடையில பட்டை இருக்கு. என் கட்டில் அதுக்கு மேற்கால இருக்கு. ஒரு சர்வேயர் அதைக் காயிதத்துல எழுதிட்டா நார்பெர்ட்டு வாயடைச்சுப் போவான். இதுல ஓணான் எங்க வந்துச்சு?"

வாசல் மணி அடித்தது.

*

சர்வேயர் லெட்டிசியா அரோயோவுக்கு நாற்பது வயது இருக்கும். காதை மூடிய கம்பளித் தொப்பி, மூன்று கால் கருவி, ஒரு சிவப்புக் கம்பு. காப்பி வேண்டாமென்றாள், கசகசா ரொட்டியைப் பார்த்ததும் காப்பியும் வேண்டுமென்றாள்.

"நான் இந்த ஊர்ப் பொண்ணுதாங்க," என்றாள் பெர்னிஸிடம். "நாலு தெரு தள்ளி. எங்கப்பா வீடு வாங்கினப்போ அந்தத் தெருவிலேயே நாங்கதான் முதல் மெக்சிகோக்காரங்க."

"தெரியும்மா. மஞ்சக் கதவு வீடு. உங்கம்மா முதல் வாரமே சோளத்தோல்ல சுத்தி அவிச்ச சோள உருண்டை குடுத்தனுப்பினா. எங்க தெருவுல ஒருத்தி அதைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டா."

"நீங்க?"

"தின்னேன். அப்புறம் அந்தச் சோளத்தோலையும் சேர்த்துத் தின்னேன். உரிக்கணும்னு யாரு சொன்னா?"

லெட்டிசியா சிரித்துக்கொண்டே வெளியே போனாள். டோரீன் கம்பைப் பிடிக்கப் போனாள். க்ளென் ஜன்னலில் நின்றான், வெளியே வரவில்லை.

கணுக்கால் ஆழப் பனி. வாசலிலிருந்து ஆரம்பித்துப் பக்கவாட்டில் நடந்து கொல்லைக்கு வந்தார்கள். லெட்டிசியா அளந்துகொண்டே பேசுகிற ரகம்.

"பிராண்ட்னு ஒருத்தன் இங்க வெங்காய வயலை வாங்கி மனை போட்டான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஓசி ரயிலு, ஓசிச் சாப்பாடு. நகரத்துலேந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து வெங்காய வாசனையில நிறுத்தி, 'இதான் சுத்தமான காத்து'ன்னு வித்தான்."

"எங்க தாத்தா அந்தச் சாப்பாட்டுக்கே மூணு தடவை வந்தாராம். நாலாவது தடவை வெட்கப்பட்டு மனை வாங்கிட்டாராம்."

"பத்திரத்துல சாராயக் கடை கூடாதுன்னு வேற எழுதிட்டான். அதனாலதான் பாருங்க, பின்சந்தைத் தாண்டினா வரிசையா மூணு கடை."

"அது மூணும் எங்க ஊர் ஆம்பளைங்களாலதான் இன்னும் ஓடுது."

"சிகாகோ அப்பப் பக்கத்து ஊரையெல்லாம் விழுங்கிட்டே வந்துச்சு. உங்க ஊரையும் கேட்டுச்சு. ஓட்டுப் போட்டாங்க. பதினோரு ஓட்டு வித்தியாசத்துல மாட்டேன்னுட்டாங்க. அன்னிக்கு வெங்காய வயல் வாய்க்கால் எங்க ஓடுச்சோ அதையே எல்லைன்னு வெச்சுட்டாங்க. வாய்க்காலை மூடி எம்பது வருஷமாச்சு. ஆனா கல்லு இருக்கணும்."

கல் இருந்தது. பனியைத் தள்ளி, உறைந்த மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்தபோது, கொல்லைப்புற மூலையில் முழங்கை நீளக் கல் ஒன்று தலை காட்டியது. பக்கத்து வீட்டுக்கும் அப்பால் இன்னொன்று. லெட்டிசியா இரண்டுக்கும் நடுவே கருவியை வைத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள்.

"உள்ள ஏதோ பட்டை இருக்குன்னீங்களே, யார் போட்டது?"

"அப்பா. ஏன்?"

"கொஞ்சம் நான் உள்ள வந்து பார்க்கணும்."

உள்ளே அவள் நடையில் நிற்கவேயில்லை. பித்தளைப் பட்டையைத் தாண்டினாள், க்ளெனின் அறையைத் தாண்டினாள், அடுப்படியையும் தாண்டினாள். அம்மா படுக்கும் பின்வராந்தாவின் வாசற்படியில் போய் நின்று, சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள்.

"இங்கதாங்க. வராந்தா மட்டும்தான் சிகாகோ. வீடு பூரா பிராண்ட் குரோவ். வாழ்த்துகள், மிஸ் வாஸ்கோ. உங்க கட்டிலைப் பத்தி இனிமே யாரும் மூச்சு விட முடியாது."

டோரீன் திரும்பிப் பார்த்தாள். க்ளென் தன் அறை வாசலில் நின்றான். காப்பிக் கோப்பை இன்னும் கையில் இருந்தது. அவன் கட்டில் அவனுக்குப் பின்னால் தெரிந்தது, பிராண்ட் குரோவில்.

லெட்டிசியாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவன் சட்டையில் படையின் சின்னம் இருந்தது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"நான் அளக்கறவ. கேட்டவங்க கையில குடுக்கறேன். அதை யாருக்குக் காட்டணும்கறது உங்க வீட்டு விஷயம்," என்று சொல்லிவிட்டு, மீதி ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

*

அடுப்படி மேஜையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முட்டைக்கோஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் இறக்கவில்லை.

"இருபத்தெட்டு வருஷம்," என்றான் க்ளென். "வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"உனக்குத் தெரியாதுல்ல."

"தெரியாதுன்னா நம்புவாங்களா? அப்பா பொய் சொல்ற ஆளே இல்ல. சர்வேயரை வெச்சு அளந்து போட்ட பட்டைன்னு நானே எத்தனை பேருகிட்ட பெருமையடிச்சிருக்கேன்."

"சர்வேயருமில்ல, ஒரு மண்ணுமில்ல," என்றாள் பெர்னிஸ்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"துணி காயப் போடற கயிறு. ஒரு முனையை அவர் பிடிச்சார், ஒரு முனையை நான் பிடிச்சேன். ஆனா சரியாத்தான் அளந்தார். அந்தப் பொண்ணு சாக்கட்டியால கிழிச்சாளே, அதே இடத்துலதான் உங்கப்பா பட்டையை அடிச்சார்."

"அப்புறம் எப்படிம்மா அது நடைக்கு வந்துச்சு?"

பெர்னிஸ் எழுந்து சூப்பை இறக்கினாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"நாம இந்த வீட்டுக்கு வந்த முதல் ரெண்டு குளிர்காலம் உங்கப்பா வராந்தாவுலதான் படுத்தார். சட்டம்னா சட்டம்னு. அப்ப அங்க ஹீட்டர் ஏது? ரெண்டாவது வருஷம் நெஞ்சுல சளி கட்டி மூணு வாரம் ஆஸ்பத்திரி. டோரீன் அப்ப வயித்துல. டாக்டர் சொன்னார், இன்னொரு தடவை இப்படி வந்தா ஆளு தேறமாட்டார்னு."

"அதனால?"

"அதனால அவர் வேலைக்குத் திரும்பின அன்னிக்கு, இருபத்து நாலு மணி நேர ஷிப்டு, நான் சுத்தியலை எடுத்தேன். பட்டையைப் பேத்து நடையில அடிச்சேன். கட்டிலைப் பின் அறையில போட்டேன். ஒண்டியா, எட்டு மாச வயித்தோட."

டோரீனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்பா வந்து என்ன சொன்னார்?"

"வந்தார். நடையில நின்னார். குனிஞ்சு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அதைத் தாண்டி உள்ள வந்து, 'சாப்பிட என்ன இருக்கு'ன்னு கேட்டார்."

"அவ்வளவுதானா?"

"சாகறவரைக்கும் அவ்வளவுதான்."

வெளியே நகரத்துப் பனி வண்டி பின்சந்தில் உறுமிக்கொண்டு போயிற்று. தெரு முனையில், ஊர் எல்லை வந்ததும், எப்போதும்போல பனி தள்ளும் அலகைத் தூக்கிக்கொண்டது. அதற்கு அப்பால் உள்ள பனி அதற்குப் பனியில்லை.

டோரீன் காகிதத்தை மடித்தாள். "நான் மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்."

"எதுக்கு?" என்றான் க்ளென்.

"எதுக்கா? இதைக் காட்டினா நான் ஜெயிப்பேன், உனக்கு வேலை போகும். காட்டலைன்னா அவன் சொல்றதுதான் நிக்கும். இதுல யோசிக்க என்ன இருக்கு? பதினாலு மாசம் க்ளென். என்னால உன்..."

"என்னைச் சாக்கா வெச்சுக்காத."

"சாக்கா?"

"நர்ஸ் படிப்பைப் பாதில விட்ட. அப்பாவுக்கு முடியலைன்ன. டெரியைப் பாதில விட்ட..."

"டெரிதான் என்னை விட்டான்!"

"சரி, அவன் பாதில விட்டான். இதுவாவது முழுசா நடக்கட்டும். அந்த ரயில்ல வர்ற மரியாக்கா என்னைத் தெருவுல பார்க்கறப்பெல்லாம் உன் தங்கச்சி எப்ப சபைக்குப் போவான்னு கேக்குறா. நான் என்ன சொல்றது? என் கட்டிலுக்காக விட்டுட்டான்னா?"

அண்ணன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டது அப்பாவின் சாவுக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

"கட்டில்தானே பிரச்சினை?" என்றாள் பெர்னிஸ், கிண்ணங்களில் சூப்பை ஊற்றியபடி. "வராந்தாவுக்கு இப்ப ஹீட்டர் இருக்கு. நான் அவன் ரூமுக்கு வந்துக்கறேன். எனக்கு வேலையுமில்ல, பதவியுமில்ல. நான் கூரைமேல படுத்தாலும் ஒருத்தன் கேக்கமாட்டான்."

"இன்னிலேந்து நான் நகரத்துல படுக்கறேன். சரி. அதுக்கு முந்தி?"

"முந்தினதை யாரு கேக்கப் போறா? விசாரணை உன்மேலயா, அவமேலயா? அவ எங்க படுக்கறான்னுதானே கேக்கப் போறாங்க? சாப்பிடு முதல்ல."

சாப்பிட்டார்கள். பிறகு கட்டிலைத் தூக்கினார்கள்.

அது தாத்தா காலத்துக் கருவாலி மரக் கட்டில். அடுப்படிக் கதவில் நுழையவில்லை. தலைமாட்டைக் கழற்றினார்கள், அப்போதும் நுழையவில்லை. "சாய்டா, உன் பக்கம் சாய்," என்று அம்மா காப்பிக் கரண்டியால் வழிகாட்டினாள். "எரியற வீட்டுலேந்து ஆளைத் தூக்கிட்டு வரத் தெரியுது, கட்டிலைத் தூக்கத் தெரியலையே!" "ஆளு மடங்குவான்மா, கட்டில் மடங்காது!" கடைசியில் நான்கு காலையும் கழற்றி, பலகை பலகையாக எல்லை தாண்டினார்கள். சாக்கட்டிக் கோடு அவர்கள் செருப்பில் ஒட்டிப் பாதி அழிந்துபோயிற்று.

மூன்றரை மணிக்குக் க்ளென் வராந்தாவில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தான். கண்ணாடி ஜன்னல் வழியே பின்சந்தும், நகரத்து விளக்குக் கம்பமும், சாராயக் கடையின் நீல எழுத்தும் தெரிந்தன.

"எப்படி இருக்கு சிகாகோ?" என்றாள் டோரீன்.

"காத்து வருது," என்றான் அவன்.

*

ஊர்ச்சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நீள மேஜைக்குப் பின்னால் விசாரணைக் குழுவினர் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த தலைவியம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். மடக்கு நாற்காலிகளில் முப்பது பேர் இருப்பார்கள். முன் வரிசையில் மேலங்கியைக் கழற்றாமலே ரயில் பெட்டிக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. வேலை முடிந்து, அந்த ரயிலிலேயே வந்து இறங்கியிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அம்மா, பக்கத்தில் க்ளென். வராதே என்று டோரீன் சொல்லிப் பார்த்தாள். "நான் வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்க," என்றுவிட்டான்.

நார்பெர்ட் ரிஸ்கே அவளைப் பார்த்துத் தலையசைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். ஆனால் நாற்காலி என்று வந்தால் அவருக்கு எல்லோரும் வெளியூர்க்காரர்கள்தான்.

டோரீன் கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். காகிதத்தை நீட்டினாள். தலைவி படித்தாள், இடப்பக்கம் கொடுத்தாள், வலப்பக்கம் கொடுத்தாள்.

"இதன்படி முழு வீடும் பிராண்ட் குரோவ்லதான் இருக்கு. பின்வராந்தா மட்டும் சிகாகோ. அளந்தவங்க கையெழுத்து, முத்திரை, பழைய எல்லைக்கல்லோட படம், எல்லாம் சரியா இருக்கு. நீங்க எந்த அறையில படுக்கறீங்க மிஸ் வாஸ்கோ?"

"முன் அறையில. பதினோரு வருஷமா."

"எனக்குப் போதும்," என்றாள் தலைவி. வலப்பக்கத்து ஆளும் தலையாட்டினார். முன் வரிசையில் மரியாக்கா கையுறையோடு ஒரு தட்டுத் தட்டினாள். சத்தமே வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். பதினோரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள்போல டோரீன் அப்போதுதான் தாடையைத் தளர்த்தினாள்.

"ஒரே ஒரு கேள்வி," என்று எழுந்தார் நார்பெர்ட்டின் வக்கீல் ஸ்ட்ராட்டன்.

மெலிந்த, மரியாதையான மனிதர். கையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தார். ஒன்று லெட்டிசியாவின் அளவை. இன்னொன்று என்னவென்று டோரீனுக்கு அங்கிருந்தே தெரிந்தது. அந்தக் கையெழுத்தை அவள் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில் பார்த்திருக்கிறாள்.

"இந்தக் கோடு சரின்னு என் கட்சிக்காரர் ஒத்துக்கறார். சந்தோஷம். ஆனா இதே வீட்டுல இருக்கற உங்க அண்ணன், போன மார்ச்சு மாசம், நகர எல்லைக்குள்ள இருக்கற வீட்டுல படுக்கறேன்னு உறுதி குடுத்திருக்கார். ரெண்டு காயிதமும் ஒரே வீட்டைப் பத்திப் பேசுது. எது உண்மைன்னு சபைக்குத் தெரியணுமில்லையா?"

"அதுக்கும் இந்த மனுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் தலைவி.

"சாட்சியோட நம்பகத்தன்மைக்குச் சம்பந்தம்மா. பதில் ஒரு வரிதான்."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டாள். "சரி, கேளுங்க."

டோரீன் மூன்றாவது வரிசையைப் பார்க்கக் கூடாதென்று நினைத்தாள். பார்த்துவிட்டாள். அம்மா காது மிஷினைத் திருகிச் சத்தம் கூட்டிக்கொண்டிருந்தாள். க்ளென் நேராக உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கெஞ்சலும் இல்லை, தடையும் இல்லை.

ஸ்ட்ராட்டன் இரண்டு தாளையும் அவள் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சத்தியம் பண்ணியிருக்கீங்க மிஸ் வாஸ்கோ, அதை மறக்க வேணாம். நேத்து ராத்திரி உங்க அண்ணன் எந்த ரூம்ல படுத்திருந்தார்?"